மூன்று தாராவில் ஒரு குவளை குறையுது

அத்தியாயம் 5

"அண்ணை, பியரைப் பாக்கிறதை விட்டிட்டுத் தட்டைப் பாருங்கோ," எண்டாள் கவிசா.

நான் பியரைப் பாக்கேல்லை. பியர்க் குழாயைத்தான் பாத்தன். அதுவும் காய்ஞ்சுபோய்க் கிடந்தது. திங்கட்கிழமை காலமை, இழுத்து மூடின ஒரு பப்புக்குள்ள நிண்டுகொண்டு ஒரு மனிசன் வேறை என்னத்தைப் பாக்கிறது?

கவிசா ஆரெண்டு முதல் சொல்லிப்போடுறன். ஹனோவரில துப்பறியும் கந்தோர் வச்சிருக்கிறாள். மனிசிமாரைச் சந்தேகப்படுற ஜேர்மன்காரரும், சீட்டுக்காரரைச் சந்தேகப்படுற எங்கடை சனமும் அங்கதான் வருவினம். நான் ஆனந்தராசா. கனகாலம் பஸ் ஓடினனான். முழங்கால் போனாப்பிறகு இவளுக்குக் கார் ஓடுறன், கோப்பி போடுறன், இடைக்கிடை மூளையும் குடுக்கிறன். மூளையை மட்டும் அவள் இன்னும் கைநீட்டி வாங்கேல்லை.

வாசலடியில நிண்டவள் சாண்ட்ரா. ஆஸ்பத்திரியில நேர்ஸ். கையில ஒரு சின்னக் குளிர்ப் பை. அதுக்குள்ள அவளின்ரை அப்பா பென்ஜமினுக்குப் போடவேண்டிய இன்சுலின்.

பென்ஜமின் நேற்று ஞாயிறு காலமை வீட்டை விட்டு வெளிக்கிட்ட மனிசன், திரும்பி வரேல்லை. போன் மேசையில கிடக்கு. இன்சுலின் பிரிட்ஜுக்குள்ள கிடந்தது. இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்த சாண்ட்ரா பின்னேரம் எழும்பித்தான் கண்டிருக்கிறாள். பொலிசில சொல்லியாச்சு. தேடுறம் எண்டினம். அவள் எங்களிட்டை வந்து சொன்னது ஒரே ஒரு விசயம். "அப்பா கடைசியாப் போன இடம் பப். சனிக்கிழமை மத்தியானம். அங்கயிருந்து வந்தாப்பிறகு ஆள் ஆளா இல்லை. சாப்பிடேல்லை, கதைக்கேல்லை. இண்டைக்கும் ஊசி போடாட்டி..." நேர்ஸ் எண்டபடியால் மிச்சத்தை அவள் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகத்தில எழுதி ஒட்டியிருந்தது.

அதாலதான் இந்தக் கிராமம். ஹனோவருக்கு வடக்கால, சோளமும் மின்சாரக் காத்தாடியும் தவிர வேறை ஒண்டும் முளைக்காத ஊர். ஊருக்கு நடுவில ஒரு இங்கிலிஸ் பப். வாசல் பலகையில மூண்டு தாரா. கீழ 'தி த்ரீ டக்ஸ்' எண்டு எழுதியிருக்கு. ஊர்ச்சனம் அந்தப் பேரை ஒருநாளும் சொன்னதில்லையாம். 'இங்கிலிசுக்காரன்ரை கடை' எண்டால்தான் தெரியும்.

அந்த இங்கிலிசுக்காரன் ராய். இந்தப் பக்கத்து முகாமில இருந்த பிரிட்டிஷ் ஆமிக்காரன். உள்ளூர்ப் பெட்டை ஹெல்காவைக் கட்டி, ஆமியை விட்டு, குதிரைக்கு லாடம் அடிச்ச பழைய பட்டறையை வாங்கி, தன்ரை ஊரில இருந்த பப் மாதிரியே ஒண்டைக் கட்டினவராம். தாழ்ந்த கூரை, அதைத் தாங்கிற கறுப்பு மர வளை, கணப்படுப்பு, சுவரில அம்பு எறியிற பலகை. நான் உள்ள வரேக்கை வளையில தலை இடிச்சுப் போட்டுது. இங்கிலாந்தில கட்டையான ஆக்கள்தான் குடிக்கிறவை போல.

ராய் இந்த வருசம் வசந்தத்தில செத்துப்போனார். ஹெல்காவால தனியக் கொண்டு நடத்த ஏலாது. வாங்கினவன் உடைச்சுப்போட்டு மாடிவீடு கட்டப்போறான். போன வெள்ளிதான் கடைசி நாள்.

"ஆரார் இஞ்ச வேலை செய்தவை?" கவிசா கேட்டாள். கதை முழுக்க ஜேர்மனில. நான் எங்கடை பாசையில சொல்லுறன்.

ஹெல்கா கையிலிருந்த துணியால ஏற்கெனவே துடைச்ச மேசையைத் திரும்பத் துடைச்சுக்கொண்டு சொன்னா. "நாங்கள் மூண்டு பேர்தான். ராய் முன்னுக்கு நிண்டு கதை அளப்பார். நான் கணக்கும் கட்டில் அறையளும். மிச்சம் எல்லாம் பென்ஜமின். அகதியா வந்து, முதல் கோப்பை கழுவினவர். பேந்து சமையல். பேந்து பியரும் அவர்தான் வாப்பார். ஒரு துளி குடிச்சதில்லை. ஆனால் அவர் வாத்தால் நுரை ஒரு விரல்கூடத் தப்பாது. வெள்ளிக்கிழமை மீன் பொரியல். வியாழக்கிழமை அவரின்ரை கறி. இந்த ஊர்க் கிழவங்களுக்கு மிளகாய் தின்னப் பழக்கினது அவர்தான்."

"உங்கடை ஆமிக்காரச் சனம்?"

"அவை முகாமைப் பூட்டிக்கொண்டு போனாப்பிறகு ஆரும் வரமாட்டினம் எண்டு நினைச்சம். ஊர்க்காரர் வந்திச்சினம். அந்த வியாழக்கிழமைக் கறிக்காகத்தான் வந்தவை." ஹெல்கா துணியைத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சா. "முப்பத்துச் சொச்சம் வருசம். ராய் சாகேக்கை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததும் பென்ஜமின்தான். நான் கீழ டொக்டரோட போனில நிண்டிட்டன்."

கவிசா தட்டைக் காட்டினாள்.

மேசைக்குப் பின்னால, சுவர் நீளத்துக்குப் பழைய மரத்தட்டு இரண்டு. மேல்தட்டில வெள்ளீயக் குவளையள் வரிசையா. வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு குவளை, கடையிலயே இருக்கும். கீழ்த்தட்டில சின்னக் குவளை. எல்லாமே தலைகீழாய்க் கவிண்டு கிடந்தது.

"ஏன் கவிட்டுக் கிடக்கு?"

"ராயின்ரை வழக்கம்," எண்டா ஹெல்கா. "ஆள் உயிரோட இருக்குமட்டும் குவளை நிமிந்து நிக்கும். ஆள் செத்தால் கவிட்டு வைப்பம். எடுக்கமாட்டம், ஆருக்கும் குடுக்கமாட்டம். அந்த இடம் அவருக்குத்தான். ராயின்ரை குவளையைப் பென்ஜமின்தான் கவிட்டவர். கவிட்டிட்டுக் குசினிக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்."

"அப்ப இவையெல்லாரும்?"

"கனபேர் போயிட்டினம். மிச்சப்பேர் இருக்கினம். ஆனால் கடை செத்துப்போச்சு. சனிக்கிழமை காலமை எல்லாத்தையும் கழுவிக் கவிட்டன். கடைக்குச் செய்யவேண்டிய மரியாதை எண்டு நினைச்சன்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்," எண்டா ஹெல்கா. சொல்லேக்கை அவ கவிசாவைப் பாக்கேல்லை. சாண்ட்ராவைப் பாத்தா.

நான் ஒரு குவளையைத் தூக்கிப் பாத்தன். ஈரத்தோட கவிட்டு வச்சதில மரத்தில வெள்ளை வளையம் விழுந்து போச்சு. பக்கத்துக் குவளைக்குக் கீழயும் அதே வளையம். என்ரை மனிசி சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையை வச்சுப் பழுதாக்கின சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. கீழ்த்தட்டில ஒரு இடம் மட்டும் வெறுமையா, வளையம் ஒண்டும் இல்லாமல் மினுமினுவெண்டு கிடந்தது.

"இந்த இடம் ஒண்டுதான் தப்பியிருக்கு. இதில இருந்தவர் குடுத்துவச்சவர்," எண்டன்.

கவிசா திரும்பிப் பாத்தாள். "இதில என்ன இருந்தது?"

ஹெல்காவின்ரை துணி நிண்டுபோச்சு. "அது... சும்மா ஒரு குவளை. பென்ஜமின் வந்தவர். சாண்ட்ராவின்ரை குவளையைக் கொண்டுபோகச் சொல்லி நான்தான் கூப்பிட்டனான். கடையை வாங்கினவனோட எனக்கு வெளி முற்றத்தில கதைக்க நேரம் குறிச்சிருந்தது. நான் திரும்பி வரேக்கை அவர் இல்லை. அந்தக் குவளையும் இல்லை. சாண்ட்ராவின்ரை குவளை கிடக்கு."

"கீழ்த்தட்டு ஆருக்கு?"

சாண்ட்ராதான் வாய் திறந்தாள். "வேலை செய்யிற ஆக்களின்ரை பிள்ளையளுக்கு, அக்கா. ஜேர்மனியில பதினாறு வயசு வந்தால் பியர் குடிக்கலாம்தானே. அண்டைக்கு ராய் ஒரு சின்னக் குவளை வைப்பார். முதல் இருக்கிறது ஹெல்காவின்ரை மகன் மார்க்குஸின்ரை. கடைசி என்ரை. நடுவில இருந்தது ஆரோ பழைய வேலைக்காரரின்ரை பிள்ளையின்ரை எண்டு நினைச்சிருந்தன். எனக்கு வச்ச அண்டைக்கு அப்பா அதுக்குள்ள அப்பிள்சாறு வாத்துத் தந்தவர்."

"வரிசை எப்பிடி? வயசுக்கோ?"

"வச்ச ஒழுங்குக்கு. இடமிருந்து வலம்."

மார்க்குஸ், வெறுமை, சாண்ட்ரா. கவிசா அதையே பாத்துக்கொண்டு நிண்டாள். பேந்து ஹெல்காவுக்கு நன்றி சொல்லிப்போட்டு வெளிய வந்திட்டாள். எனக்கு அந்தக் குணம் தெரியும். ஆள் வாயை மூடினால் ஏதோ பிடிபட்டிட்டுது எண்டு அர்த்தம். வளையில இரண்டாந்தரம் தலையை இடிச்சுக்கொண்டு நானும் பின்னால ஓடினன்.

பென்ஜமினின்ரை வீடு ஹனோவரில மூண்டாம் மாடி. சின்ன வீடு, ஆனால் துப்புரவு. கட்டில் விரிச்சபடி. மாதா படத்துக்குக் கீழ சாண்ட்ராவின்ரை அம்மா திரேசாவின்ரை படம். அவ போய் ஒன்பது வருசம்.

"குவளையை விட வேறை என்ன கொண்டுபோனவர்?" கவிசா கேட்டாள்.

"பூசைக்குப் போடுற கோட். பிறகு, கடைக்கு இழுத்துக்கொண்டு போற சில்லு வச்ச பை."

"ஞாயிற்றுக்கிழமை கடையள் பூட்டு. வெறும் பையை இழுத்துக்கொண்டு ஆர் போவினம்? கனமா ஏதோ கொண்டுபோயிருக்கிறார். என்ன குறையுது எண்டு பாரும்."

சாண்ட்ரா ஒவ்வொரு அலுமாரியா திறந்தாள். சட்டை இருக்கு. பாஸ்போட் இருக்கு. கடைசியா மாதா படத்துக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரி. திறந்தவள் அப்பிடியே நிண்டிட்டாள். உள்ள ஒண்டுமில்லை. மெழுகு வாசம் மட்டும் வந்தது.

"திரியள்," எண்டாள். "எல்லாத்தையும் கொண்டுபோயிட்டார்."

"என்ன திரி?"

"கேவலார் மாதா கோயிலில வாங்கிற மெழுகுதிரி. ஒவ்வொரு ஓகஸ்டும் திருநாளுக்குப் போவம்தானே. எல்லாரும் அங்கயே கொளுத்துவம். அப்பா மட்டும் இன்னொண்டு வாங்கி வீட்டை கொண்டுவருவார். அதைக் கொளுத்த விடமாட்டார். ஒருக்கா கறண்ட் போய், இருட்டுக்குள்ள நான் சோதனைக்குப் படிச்சுக்கொண்டு இருந்தன். அப்பவும் விடேல்லை. அம்மாவும் ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போயிட்டா."

"அப்ப அம்மாவுக்காக வாங்கின திரி இல்லை."

"இல்லை அக்கா. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே இந்த அலுமாரி அரைவாசி நிரம்பியிருந்தது."

கவிசா கதிரையை இழுத்து அவளை இருத்தினாள். தானும் முன்னால குந்தினாள். பகிடி விடவேண்டிய இடமில்லை எண்டு எனக்கே விளங்கினால், அது பொல்லாத இடம்தான்.

"சாண்ட்ரா, அந்தப் பப்பில வேலை செய்தது மூண்டே மூண்டு பேர். ராய்க்கும் ஹெல்காவுக்கும் ஒரே பிள்ளை, மார்க்குஸ். உங்கடை வீட்டில நீர் ஒராள். ஆனால் பிள்ளையளின்ரை தட்டில மூண்டு இடம். நடுவில நிண்ட குவளை மார்க்குஸுக்குப் பிறகு வச்சது, உமக்கு முதல் வச்சது. உம்மை விட மூத்த பிள்ளை. அந்தக் குவளையை விட்டிட்டுப் போக உங்கடை அப்பாவால ஏலாமல் போச்சு."

சாண்ட்ரா அவளையே பாத்தாள்.

"உமக்கு ஒரு அண்ணாவோ அக்காவோ இருந்திருக்கு," எண்டாள் கவிசா.

சாண்ட்ரா அழேல்லை. குளிர்ப் பையின்ரை வாரைச் சுத்திச் சுத்தி விரலில முறுக்கினாள். "எனக்கு முப்பது வயசு அக்கா," எண்டாள். "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை." அதையே திரும்பவும் சொன்னாள். பேந்து எழும்பி, "முதல் ஆளைக் கண்டுபிடிப்பம். பிறகு நான் அவரோட சண்டை பிடிக்கிறன்," எண்டாள். எனக்கு அந்தப் பிள்ளையை நினைக்கப் பாவமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

"எங்க எண்டு கேக்கத் தேவையில்லை," எண்டன் நான். "நேற்று நவம்பர் இரண்டு. உங்கடை ஆக்கள் செத்தவைக்காக மன்றாடுற ஆத்துமாக்கள் திருநாள் எல்லோ. ஒரு பை நிறையக் கேவலார்த் திரியோட மனிசன் கடற்கரைக்கோ போகும்?"

கவிசா காரின்ரை திறப்பை என்னட்டை எறிஞ்சாள். முதல் தரமா மூளைக்கு விலை கிடைச்ச மாதிரித்தான். ஆனால் அண்டைக்கு அது எனக்கு இனிக்கேல்லை.

கேவலாருக்கு எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஒல்லாந்து எல்லையடியில சின்னப் பட்டணம். ஓகஸ்டில எங்கடை சனம் பஸ் பஸ்ஸாய் வந்து இறங்கும். நான் ஓடின பஸ்ஸில அரைவாசி சைவம். நானும் சைவம்தான். மாதா அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஓகஸ்டில வழி முழுக்கப் பாட்டும் கட்லட்டும். இண்டைக்கு மழை. சாண்ட்ரா அந்தப் பட்டணத்து யாத்திரிகர் விடுதியளுக்குப் போன் அடிச்சுக்கொண்டே வந்தாள். ஒரு விடுதியில, ஓம், வயசான ஒருத்தர் இரவு தங்கினவர், காலமை பையை இழுத்துக்கொண்டு போயிட்டார், சாப்பாடு வேண்டாம் எண்டவர் எண்டிச்சினம். அவள் போனை வச்சிட்டு, "கெதியா ஓடுங்கோ அங்கிள்," எண்டாள்.

கவிசா மெல்லமாய்ச் சொன்னாள். "நடந்தது இதுதான். ராய் அந்தப் பிள்ளைக்கு ஒரு குவளை வச்சிருக்கிறார், நிமித்தி. அப்பிடியெண்டால் பிள்ளை செத்தது எண்டு ஆருக்கும் நிச்சயம் இல்லை. அப்பா அதை அப்பிடியே காப்பாத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஹெல்கா மரியாதைக்கு எல்லாத்தையும் கவிட்டிட்டா. அப்பா வந்து பாத்தால் பிள்ளையின்ரை குவளை கவிண்டு கிடக்கு. அந்தக் கடையில கவிண்டால் செத்தது எண்டுதான் அர்த்தம். அதைத் தாங்க ஏலாமல் திரியளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டார்."

நல்ல வடிவான கணக்கு. எனக்கும் சரியாத்தான் பட்டுது. ஆனால் அந்த மினுமினுத்த இடம் எங்கயோ உறுத்திக்கொண்டே இருந்தது. என்னெண்டு பிடிபடேல்லை. மழையில காரை ஓட்டுற வேலைதான் எனக்குத் தந்திருந்தது.

பின்னேரம் மூண்டு மணி இருக்கும். கேவலார்ச் சதுக்கத்தில சனமே இல்லை. மரங்களில இலை இல்லை. கோயில் சுவரோட திரி கொளுத்துற நீளத் தட்டுகள். நேற்றைய திரியள் உருகிக் கிடந்தது. அதுக்கு எதிர்த்த வாங்கில ஒரு மனிசன் பூசைக் கோட்டோட நனைஞ்சுபோய் இருந்தார். பக்கத்தில சில்லுப் பை. மடியில ஒரு சின்னக் குவளை நிமித்தி வச்சிருந்தார். அதுக்குள்ள மழைத்தண்ணி விழாமல் உள்ளங்கையால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"அப்பா," எண்டு சாண்ட்ரா ஓடினாள்.

அவர் நிமிந்து பாத்தார். உதடு வெடிச்சுப்போய், கண் உள்ள போய்க் கிடந்தது. சாண்ட்ரா ஒண்டும் கேக்கேல்லை. விரலைக் குத்திச் சீனி பாத்தாள். இலக்கத்தைக் கண்டு ஒருக்கால் கண்ணை மூடினாள். சேட்டைத் தூக்கி வயித்தில ஊசியைப் போட்டாள். கவிசா தண்ணிப் போத்தலைத் திறந்து வாயில வச்சாள். நான் என்ரை ஜக்கெட்டைக் கழட்டி அவரைப் போத்தினன். சாண்ட்ரா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டு கேட்டாள், அவர் தலையாட்டி மறுத்தார். திரும்ப விரலைக் குத்தினாள். இலக்கம் இறங்கத் துவங்கியிருந்தது. அப்பத்தான் அவள் மூச்சை விட்டாள்.

"அங்கிள்," எண்டாள் கவிசா. "குவளை கவிண்டு கிடந்ததைப் பாத்திட்டுத்தானே வந்தனீங்கள்?"

பென்ஜமின் அவளைப் புதினமாய்ப் பாத்தார்.

"கவிண்டு கிடக்கேல்லைப் பிள்ளை. அது நிமிந்து நிண்டது."

எனக்கு அந்த இடம் கண்ணுக்கு முன்னால வந்தது. கழுவி ஈரத்தோட கவிட்ட எல்லாக் குவளைக்கும் கீழ வெள்ளை வளையம். அந்த ஒரு இடத்தில வளையம் இல்லை. ஹெல்கா அதைக் கழுவினதும் இல்லை, கவிட்டதும் இல்லை. காலமை அதை நான் பகிடியாக்கிப்போட்டு நிண்டிருக்கிறன்.

"எல்லாம் கவிண்டு கிடந்தது," எண்டார் பென்ஜமின். "ராயின்ரை, என்ரை, இவளின்ரை. அவன் மட்டும் நிக்கிறான். ராய் சாகமுதல் ஹெல்காவிட்டைச் சொல்லிப்போட்டார் போல, அதைத் தொடவேண்டாம், ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு. அந்த மனிசி கடையையே கவிட்டிட்டு என்ரை பிள்ளையை மட்டும் விட்டுவச்சிருக்கு. கடை பூட்டியாச்சு. வெளிச்சம் நூத்தாச்சு. அதுக்குள்ள அவன் தனிய நிண்டு ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

மழை தூறிக்கொண்டிருந்தது. சாண்ட்ரா அவரின்ரை காலடியில நிலத்தில குந்தினபடி இருந்தாள்.

"நானே கவிட்டுவிடுவம் எண்டு கையை வச்சன். ஏலாமல் போச்சு. அதுதான் தூக்கிக்கொண்டு வந்தன். நேற்று ஆத்துமாக்கள் திருநாள். இத்தனை வருசத் திரியையும் கொளுத்தி முடிப்பம் எண்டு நினைச்சன். ஒண்டைக் கையில எடுத்தன். அதுவும் ஏலாமல் போச்சு. கொளுத்தினால் செத்தவன் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. கொளுத்தாமல் திரும்பிப் போனால், இனி அவன் நிக்கிறதுக்கு இடமும் இல்லை. நேற்றும் இதில இருந்தன், இண்டைக்கும் விடிஞ்சாப்பிறகு இதிலதான் இருக்கிறன்."

"என்ன நடந்தது அப்பா?" சாண்ட்ராவின்ரை குரல் சின்னப்பிள்ளையின்ரை குரலா இருந்தது.

"பேசாலையிலயிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறினம். தொண்ணூறாம் ஆண்டு. சனம் கூடிப்போச்சு. எங்கடை வள்ளத்தில இடமில்லை. அம்மாவின்ரை தம்பி பிள்ளையை வாங்கிக்கொண்டு பின்னால வாற வள்ளத்தில ஏறினான். இரண்டு வயசு. கையைக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு வந்தவன். எங்களை மணல்திட்டியில இறக்கினாங்கள். விடிஞ்சுது. மற்ற வள்ளம் வரேல்லை. பலகை ஒண்டுகூடக் கரை ஒதுங்கேல்லை. முகாம் முகாமாய்த் தேடினன். ஆரும் கண்டம் எண்டும் சொல்லேல்லை, செத்தது எண்டும் சொல்லேல்லை. உடம்பு இல்லாமல் ஆத்துமப் பூசை வைக்க அம்மா விடேல்லை."

"ராய்க்கு எப்பிடித் தெரியும்?" கவிசா மெல்லக் கேட்டாள்.

"அவனுக்குப் பதினாறு வயசு வாற நாளில நான் வேலையில கோப்பையைப் போட்டு உடைச்சுப்போட்டன். ஒருநாளும் உடைக்காதவன். ராய் என்னை இருத்தி வச்சுக் கேட்டார், சொன்னன். அடுத்தநாள் வேலைக்குப் போனால் தட்டில இது நிக்குது. 'செத்திட்டான் எண்டு ஆரும் வந்து சொல்லுமட்டும் நிக்கட்டும் பென்,' எண்டார். அந்த ஒரு மனிசன்தான் என்ரை பிள்ளையை உயிரோட இருக்கிறவை பக்கம் எண்ணினது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அம்மா சத்தியம் வாங்கினவ. இந்தப் பிள்ளையாவது ஒண்டும் தெரியாமல் சிரிச்சுக்கொண்டு வளரட்டும் எண்டு. அம்மா போனாப்பிறகு சொல்லுவம் எண்டு பாத்தன். எங்கயிருந்து துவங்கிறது எண்டு தெரியேல்லை, அம்மா." அவர் மகளை அம்மா எண்டு கூப்பிட்டுத்தான் அழுதார். சத்தமே வரேல்லை. தோள் மட்டும் குலுங்கினது. மற்றக் கை அப்பவும் குவளையைப் பொத்தினபடிதான்.

வழி முழுக்கச் சண்டைக்கு ஆயத்தப்படுத்தின பிள்ளை சண்டை பிடிக்கேல்லை. "பேர் என்ன?" எண்டு கேட்டாள்.

"நிசாந்."

"நிசாந் அண்ணா," எண்டு சொல்லிப் பாத்தாள். முப்பது வயசில முதல் தரம் ஒரு பிள்ளை அண்ணா எண்டு சொல்லிப் பழகுறதைப் பாக்க எனக்குத் தாங்கேல்லை. நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டு, மழையில மூக்குக்கண்ணாடியைத் துடைச்சன். மழையில கண்ணாடி துடைக்கிறது விசர் வேலைதான்.

சாண்ட்ரா சில்லுப் பையைத் திறந்தாள். மேல கிடந்தது புதுத் திரி. அடியில கிடந்ததெல்லாம் மஞ்சளிச்சு வளைஞ்சு போயிருந்தது. அவள் அடியிலயிருந்து ஒண்டை எடுத்துக்கொண்டு என்னட்டைத் திரும்பினாள்.

"அங்கிள், உயிரோட இருக்கிறவைக்குக் கொளுத்த ஒரு இடம், செத்தவைக்குக் கொளுத்த வேறை இடம் எண்டு இஞ்ச இருக்கோ?"

எத்தினை வருசம் இந்தத் தட்டடியில சனத்தை இறக்கி ஏத்தினனான். பரீட்சை பாஸாக வேணும் எண்டு வந்தவை, விசா கிடைக்கவேணும் எண்டு வந்தவை, மனிசனைப் பறிகுடுத்திட்டு வந்தவை. எல்லாரும் வச்சது ஒரே தட்டில.

"இல்லைப் பிள்ளை. எல்லாத்துக்கும் இது ஒண்டுதான்."

அவள் அப்பாவைப் பாத்தாள். "கேட்டனீங்களோ? நாங்கள் ஒண்டையும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. சும்மா கொளுத்துவம்."

லைட்டரை இடக்கையால பத்தவச்சாள். பென்ஜமின் அந்தக் கையையே பாத்தார். "அவனும் இடக்கைதான்," எண்டார். "அந்தக் கையாலதான் காட்டினவன்."

காத்துக்கு இரண்டுதரம் நூந்துபோச்சு. கவிசா குடையைப் பிடிச்சாள். மூண்டாந்தரம் பிடிச்சுது. பென்ஜமின் எழும்பி வந்து மகளோட சேந்து தட்டில வச்சார். பேந்து ஒவ்வொண்டா. எந்த வருசத்துத் திரி எது எண்டு ஆரும் பாக்கேல்லை. நானும் ஒண்டு வச்சன், ராய்க்காக. அந்த மனிசனை நான் கண்டதே இல்லை. ஆனால் கண்டிருக்கலாம் எண்டு இருந்தது.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அண்ணை," எண்டாள் கவிசா என்ரை காதுக்குள்ள.

"பிழையான கணக்கெண்டாலும் சரியான ஊருக்குத்தானே கொண்டுவந்து விட்டது," எண்டன். அவள் என்ரை கையைப் பிடிச்சாள். அவள் பிடிக்கிற ஆள் இல்லை.

காரில ஹீட்டரைப் போட்டு, பென்ஜமினைப் பின்சீட்டில இருத்தினம். சாண்ட்ரா அவருக்குப் பக்கத்தில. அவரின்ரை கையிலயிருந்து குவளையை மெல்ல வாங்கித் தன்ரை மடியில வச்சாள். மற்றக் கையால ஹெல்காவுக்கு அழைச்சாள், ஸ்பீக்கரில.

"கண்டுபிடிச்சிட்டம். அப்பா எங்களோட இருக்கிறார். ஊசி போட்டாச்சு."

அங்கால கிழவி அழுது முடியுமட்டும் சாண்ட்ரா பொறுத்திருந்தாள். பேந்து ஹெல்கா, கேக்கலாமோ எண்டு தெரியாத குரலில கேட்டா.

"அந்தக் குவளை?"

சாண்ட்ரா மடியைப் பாத்தாள். கார் வளையேக்கை குவளை சரியப் பாத்தது. அவள் இரண்டு முழங்காலாலும் அணைச்சு நேராக்கினாள்.

"நிக்குது," எண்டாள்.

பென்ஜமின் யன்னலில தலையைச் சாய்ச்சு நித்திரையாப் போயிருந்தார். நான் ஹனோவர் மட்டும் மெல்லத்தான் ஓடினன்.